ஓவின் தலையில் இரண்டு புள்ளி

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளிடம், ஐரோப்பாவில் பீங்கான் பிறந்த கதையை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னால் என்ன ஆகும்? கையால் எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். 1708-ல் டிரெஸ்டன் நகரத்தில், சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரின் ஆராய்ச்சியைப் பின்தொடர்ந்து வெள்ளைப் பீங்கானின் சேர்மானத்தைப் பிடித்தவர் பொட்கர். அவர் பெயரில் வரும் ஆங்கில ஓவின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. 1710-ல் ஆலை தொடங்கிய ஊர் மைசன். அந்த ஊரின் பெயரை ஜெர்மானியர் எழுதும்போது நடுவில் கிரேக்க பீட்டாவின் ஜாடையில் ஓர் எழுத்து வரும். 1731-ல் அந்த ஆலையில் சேர்ந்து, பீங்கான் பொம்மைக் கலைக்கே பெயர் வாங்கித் தந்த கெண்ட்லரின் பெயரில் ஏ-யின் தலையில் இரண்டு புள்ளி. 1747-ல் தொடங்கிய இன்னொரு பழைய ஆலை ஃபியூர்ஸ்டென்பெர்க். அங்கே யு-வின் தலையில் இரண்டு புள்ளி.

ஜெர்மன் மொழிக்கென்று ஆங்கில நெடுங்கணக்குக்கு வெளியே இருக்கும் எழுத்துகள் இந்த நான்குதான். பீங்கான் வரலாறு நான்கையும் வரிசையாகக் கேட்டுவிடுகிறது. நம் ஊரில் விற்கும் விசைப்பலகையில் நான்கில் ஒன்றுகூட இல்லை.

புள்ளியை விட்டுவிட்டு வெறும் ஓ போட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்கலாம். மைசனின் நடுவில் வரும் அந்த எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எஸ்செட் என்று பெயர். அதைப் போட்டு 'மாசெ' என்று எழுதினால் அளவுகள் என்று பொருள். நீளம், அகலம், உயரம். அதற்குப் பதில் இரண்டு எஸ் போட்டால் பிசைந்து வைத்த களிமண் கலவை. சூளைக்குப் போகும் பொருளின் அளவும் மண்ணும் ஓர் எழுத்தில் இடம் மாறிவிடும். விருத்தாசலத்துப் பட்டறைகளில் அகல்விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் வார்ப்பவர்களுக்கு இந்த இரண்டையும் குழப்பினால் என்ன நேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒலியிலும் அந்த இரட்டைப் புள்ளி வெறும் அலங்காரம் இல்லை. நாக்கை 'எ' சொல்ல வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் 'ஒ' சொல்வதுபோலக் குவித்துப் பாருங்கள். வருகிற ஒலிதான் புள்ளி வைத்த ஓ. நாக்கு 'இ'-யிலும் உதடு 'உ'-விலும் நின்றால் புள்ளி வைத்த யு. தமிழில் இந்த ஒலிகளுக்கு எழுத்தே கிடையாது. 'பொட்கர்' என்று நான் எழுதியதும் ஒரு சமாளிப்புதான். அந்த இரட்டைப் புள்ளிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பழைய கையெழுத்துப் படிகளில் ஓவின் தலைமேல் குட்டியாக ஓர் ஈ எழுத்தை ஏற்றி எழுதினார்கள். ஜெர்மன் கூட்டெழுத்தில் அந்த ஈ இரண்டு செங்குத்துக் கீற்றாகத்தான் இருக்கும். வேகமாக எழுதிய கைகளில் கீற்று தேய்ந்து புள்ளியானது.

சரி, இல்லாத எழுத்தை இருக்கிற விசைப்பலகையில் எப்படி வரவழைப்பது? அதற்கு முதலில், இருக்கிற எழுத்து எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

எல் எழுத்துக்கு வலப்பக்கம், சுண்டுவிரல் படிகிற இடத்தில், அரைப்புள்ளி அச்சிட்ட விசை இருக்கிறது. அதை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு அரைப்புள்ளி போகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். போவது ஓர் எண். யுஎஸ்பி விசைப்பலகையில் அந்த விசையின் எண் 51. பலகைக்குள்ளே நூற்றுச் சொச்சம் விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்திருக்க மாட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளின் வலை ஒன்று இருக்கும்; ஒவ்வொரு விசையும் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் சந்திக்கும் முனையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு சின்ன சிப், ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் விட்டு, எந்த முனையில் தொடுப்பு விழுந்திருக்கிறது என்று நொடிக்குப் பலநூறு தடவை பார்த்துக்கொண்டே இருக்கிறது. உலோகத் தொடுப்பு ஒரே அழுத்தலில் சில மில்லிநொடி அதிரும். அதைப் பல அழுத்தலாக எண்ணிவிடாமல் அதிர்வு அடங்கும்வரை சிப் பொறுத்திருக்கும். அப்புறம்தான் '51 அழுத்தப்பட்டது' என்ற செய்தி கிளம்பும். விசையின் மேல் என்ன எழுத்து அச்சிட்டிருக்கிறது என்பது அந்தச் சிப்புக்குத் தெரியாது. மேல்மூடியைக் கழற்றி வேறு விசையில் மாட்டினாலும் அதற்குக் கவலையில்லை.

51 என்ற எண்ணை எழுத்தாக்குவது கம்ப்யூட்டரின் இயங்குதளத்தில் இருக்கும் ஓர் அட்டவணை. ஆங்கில அட்டவணையில் 51 அரைப்புள்ளி. ஜெர்மன் அட்டவணையில் அதே 51 புள்ளி வைத்த ஓ. தமிழ்99 அட்டவணையில் 'ந'. தட்டச்சு நிலையத்தில் படித்தவர்களின் பழைய அமைப்பில் அதே இடம் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. விருத்தாசலத்தில் வார்ப்புக்கு ஊற்றுகிற ஸ்லிப் என்ற களிமண் கூழும் இப்படித்தான்: பிள்ளையார் அச்சில் ஊற்றினால் பிள்ளையார், அகல் அச்சில் ஊற்றினால் அகல்.

இதற்கு நம் பக்கத்து ஊரிலிருந்தே சாட்சி உண்டு. கள்ளக்குறிச்சியில் பிறந்த டி. உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு யூனிகோடில் அதற்கு 8377 என்ற எண் கிடைத்தது. அதற்கு முன்பு வாங்கிய விசைப்பலகை எதிலும் அந்தக் குறி அச்சிட்டிருக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும், அட்டவணை புதுப்பிக்கப்பட்டு, மொழியை 'ஆங்கிலம் – இந்தியா' என்று வைத்ததும், அதே பழைய பலகையில் வலது ஆல்ட்டோடு 4-ஐ அழுத்தினால் ரூபாய்க் குறி வந்தது. பலகையில் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடவில்லை.

ஆக, ஜெர்மன் எழுத்து வேண்டுமென்றால் ஜெர்மன் பலகை வாங்க வேண்டியதில்லை. அட்டவணையை மாற்றினால் போதும். விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய் ஜெர்மனைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அட்டவணை மாறும். அரைப்புள்ளி இருந்த இடத்தில் ஓ, அதற்கு வலப்பக்கம் ஏ, பி-க்கு அடுத்த சதுர அடைப்பில் யு, சுழியத்துக்கு அடுத்த சிறுகோட்டில் எஸ்செட். நான்கும் வலது கைப் பக்கமே கிடைத்துவிடும். விலை ஒன்றுதான்: ஒய்யும் இசட்டும் இடம் மாறிவிடும். ஜெர்மனில் இசட் அடிக்கடி வரும், ஒய் அபூர்வம். அதனால் இசட்டை விரல் எட்டும் மேல் வரிசைக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பொட்கர் மட்டும் அடிக்கிறவருக்கு இவ்வளவு ஏற்பாடு அதிகம். அவருக்காகவே மூன்று நான்கு குறுக்குவழிகள் இருக்கின்றன. அவற்றில் பழையது ஆல்ட் எண். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0246 என்று தட்டிவிட்டு ஆல்ட்டை விட்டால் புள்ளி வைத்த ஓ விழும். ஏ-க்கு 0228, யு-வுக்கு 0252, எஸ்செட்டுக்கு 0223. அதே ஓவை 148 என்று சுழியம் இல்லாமல் அடித்தாலும் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு இரண்டு எண் எப்படி வந்தது? 148 என்பது 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் எழுத்துப் பட்டியல் எண். விண்டோஸ் பின்னால் வேறொரு பட்டியலைக் கொண்டுவந்தது. பழைய எண்ணை மனப்பாடம் செய்திருந்தவர்களை விரோதித்துக்கொள்ளாமல், புதியதற்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொண்டது. எண் பலகை இல்லாத சிறிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தை பலிக்காது. மேல் வரிசை எண்களைத் தட்டினால் ஒன்றும் நடக்காது, அல்லது வேறெதாவது நடக்கும்.

எம்எஸ் வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்து முக்காற்புள்ளியைத் தட்டி, விட்டு, ஓ அடித்தால் வேலை முடிந்தது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஆப்ஷனோடு யு, பிறகு ஓ. லினக்ஸில் கம்போஸ் விசை, இரட்டை மேற்கோள், ஓ. போனில் ஓவை விடாமல் அழுத்திப் பிடித்தால் ஓவின் குடும்பமே மேலே விரியும். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இது எதுவும் இல்லை: கூகுளில் தேடி, அங்கிருந்து காப்பி அடித்து ஒட்டுவதுதான். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேலே சொன்ன குறுக்குவழிகளில் வேர்டு, ஆப்பிள், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கவனித்தீர்களா? முதலில் குறி, பிறகு எழுத்து. கையால் எழுதும்போது ஓவைப் போட்டுவிட்டுத்தான் புள்ளி வைக்கிறோம். இயந்திரத்தில் மட்டும் ஏன் தலைகீழ்? விடை கம்ப்யூட்டரில் இல்லை. தட்டச்சு நிலையத்தில் இருக்கிறது.

ரெமிங்டனோ ஃபாசிட்டோ கோத்ரெஜோ, பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து 'க்' அடித்துப் பாருங்கள். வலது சுண்டுவிரல் முதலில் புள்ளியைத் தட்டுகிறது. அச்சுக் கம்பி எழுந்து, மை நாடாவை இடித்து, காகிதத்தில் ஒரு புள்ளியைப் பதித்துவிட்டுத் தொப்பென்று விழுகிறது. ஆனால் காகிதத்தைச் சுமக்கும் கேரியேஜ் அசையவில்லை. அடுத்து இடது ஆள்காட்டிவிரல் 'க'-வைத் தட்டுகிறது. அது அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே விழுகிறது. இப்போதுதான் 'கடக்' என்று கேரியேஜ் ஒரு படி நகர்கிறது. சாதாரண விசையின் கம்பி மேலெழும்போது கீழே ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளும். அந்தச் சட்டம்தான் கேரியேஜை ஒரு பல் அளவு விடுவிக்கும். புள்ளி விசையின் கம்பியில் அந்தச் சட்டம் படும் இடத்தை வெட்டிவிட்டிருப்பார்கள். அதனால் அது அடிக்கும், நகர்த்தாது. இதற்கு நகரா விசை என்று பெயர். எழுத்து முதலில் விழுந்தால் கேரியேஜ் நகர்ந்துவிடும்; புள்ளி வைக்க மறுபடி பின்னால் இழுக்க வேண்டும். குறி முந்துவதற்குக் காரணம் இந்த ஒரு வெட்டுதான்.

தமிழுக்கு இந்த உத்தி தேவைப்பட்டது ஏன் என்பது கணக்குப் போட்டால் புரியும். பொறியில் நாற்பத்துச் சொச்சம் விசை; ஷிப்ட் போட்டால் இரட்டிப்பு. நமக்கு எழுத்து 247. ஜெர்மானியருக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது புள்ளி வைத்த மூன்று உயிர், அவற்றின் பெரிய வடிவம் மூன்று, எஸ்செட் ஒன்று, ஆக ஏழு. ஏழுக்கும் தனியிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். நாமோ குறியையும் எழுத்தையும் பிரித்து, தேவையானபோது ஒட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் இராமலிங்கம் முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா போய், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். எந்த எழுத்துக்குத் தனி விசை, எதை இரண்டு தட்டலில் சேர்ப்பது, அடிக்கடி வருவதை எந்த விரலுக்குத் தருவது என்று வகுத்து அவர் அமைத்த பலகையோடு தமிழ்ப் பொறிகள் வெளிவந்தன. அவற்றை வார்த்துக் கொடுத்தது ஜெர்மனியின் சைடல்–நௌமன் ஆலை. அந்த ஆலை இருந்த ஊர் டிரெஸ்டன், பொட்கர் பீங்கானைக் கண்டுபிடித்த அதே டிரெஸ்டன். அங்கிருந்து மைசன், விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி இருக்கும் தூரம்தான். உள்நாட்டில் எரிக்கா என்ற பெயரில் விற்ற சின்னப் பொறியை வெளிநாடுகளுக்கு பிஜோ என்று அனுப்பினார்கள். தமிழ் பிஜோவும் அந்த வழியில் வந்ததுதான். ஜெர்மன் எழுத்தை இங்கிருந்து எப்படி அடிப்பது என்று நாம் விழிப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, தமிழ் எழுத்தை எப்படி அடிப்பது என்று டிரெஸ்டன்காரர்கள் அச்சுக் கம்பி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

கம்ப்யூட்டரில் கேரியேஜ் இல்லை. ஆனாலும் பழக்கம் தங்கிவிட்டது. 'அமெரிக்கா – இன்டர்நேஷனல்' என்ற விசைப்பலகை அமைப்பில் இரட்டை மேற்கோள் ஒரு நகரா விசை. தட்டினால் திரையில் ஒன்றும் வராது. கம்ப்யூட்டர் குறியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த விசைக்குக் காத்திருக்கும். அடுத்து ஓ வந்தால் புள்ளி வைத்த ஓ. அடுத்து ஸ்பேஸ் வந்தால் வெறும் மேற்கோள். தெரியாமல் இந்த அமைப்பைப் போட்டுவிட்டவர்கள் மேற்கோள் விசை கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதுண்டு. அதே அமைப்பில் வலது ஆல்ட்டோடு பி அடித்தால் ஓ, கியூ அடித்தால் ஏ, ஒய் அடித்தால் யு, எஸ் அடித்தால் எஸ்செட் நேராகவே வந்துவிடும். ஆங்கில இடங்களும் குலையாது. எப்போதாவது ஜெர்மன் அடிப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

தமிழ்99 வந்தபோது அந்தப் பழக்கத்தை உடைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். முதலில் மெய், பிறகு உயிர். வாய் சொல்கிற வரிசை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், ஏனென்றால் தமிழில் இரட்டித்து வருவதுதான் வழக்கம். 'விருத்தாசலம்' அடிக்க வ, இ, ர, உ, த, த, ஆ, ச, ல, ம, ஃ என்று 11 தட்டல். ரயில் நிலையப் பலகையில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு 13. மொழியின் இயல்பை அட்டவணைக்குள் எழுதிவைத்தால் விரலுக்கு வேலை குறையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இருந்தும் நம் பிள்ளைகள் அம்மாவை ஏ, எம், எம், ஏ, ஏ என்றுதான் அடிக்கிறார்கள். அது வேறு கதை.

விசை எண்ணிலிருந்து எழுத்துக்கு வந்தாயிற்று. ஆனால் எழுத்தும் கம்ப்யூட்டருக்குள் ஓர் எண்தான். அங்கே வேறொரு சண்டை நடந்தது.

1963-ல் அமெரிக்கர்கள் வகுத்த ஆஸ்கி பட்டியலில் மொத்தம் 128 இடம். ஆங்கிலத்துக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது. ஜெர்மானியர் என்ன செய்தார்கள் தெரியுமா? சதுர அடைப்பு, நெளி அடைப்பு, சாய்கோடு, செங்கோடு, அலைக்கோடு ஆகியவற்றின் எண்களைப் பிடுங்கித் தங்கள் ஏழு எழுத்துக்குக் கொடுத்தார்கள். அதை டின் 66003 என்ற தரமாகவே வெளியிட்டார்கள். விளைவு, அந்நாள் ஜெர்மன் திரையில் சி மொழி நிரல் ஒன்றைத் திறந்தால் நெளி அடைப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் புள்ளி வைத்த ஏ-யும் யு-வும் நிற்கும்.

நாம் சிரிக்க முடியாது. பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையைப் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்த அனுபவம் விருத்தாசலத்து டிடிபி சென்டர் எதிலும் உண்டு. 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லை இளிக்கும். கோப்புக்குள் உண்மையில் இருந்தது அந்த ஆங்கில எழுத்துகளின் எண்தான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருந்தது எழுத்துரு. ஜெர்மானியர் ஏழு இடத்தை அபகரித்தார்கள், நாம் வீட்டையே எடுத்துக்கொண்டோம்.

யூனிகோடு வந்து எல்லாருக்கும் தனி இடம் கொடுத்தது. புள்ளி வைத்த ஓவுக்கு 246, அந்தப் பழைய விண்டோஸ் எண்ணேதான். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம், 'க' 2965. சண்டை ஓய்ந்தது என்று நினைக்கும்போது புதிதாக ஒரு நுணுக்கம் முளைத்தது. 246 என்ற ஒற்றை எண் தவிர, வெறும் ஓவைப் போட்டு அதன்பின் 776 என்ற எண்ணைப் போட்டாலும் புள்ளி வைத்த ஓ கிடைக்கும். 776 என்பது 'முந்தைய எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வை' என்ற கட்டளை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஒன்று ஓரெழுத்து, மற்றது ஈரெழுத்து. யூடிஎஃப்-8 கணக்கில் ஒன்று 2 பைட், மற்றது 3 பைட்.

நான் முன்பு சொன்ன கண்ணி இதுதான். பிடிஎஃப் கோப்பிலிருந்து பொட்கர் பெயரைக் காப்பி அடித்து ஒட்டினால் பல சமயம் ஈரெழுத்து வடிவம் வந்து சேரும். அப்புறம் அதே கட்டுரையில் ஆல்ட் 0246 போட்டு இன்னொரு பொட்கரை அடிப்பீர்கள். தேடும்போது ஒருவர் கிடைப்பார், இன்னொருவர் கிடைக்கமாட்டார். ஆப்பிளின் பழைய கோப்பு முறை எல்லாக் கோப்புப் பெயரையும் பிரித்த வடிவத்திலேயே சேமித்ததால், அங்கிருந்து விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ வந்த கோப்புகள் ஒரே பெயரில் இரண்டாக நின்று பலரைக் குழப்பியிருக்கின்றன.

தமிழிலும் இதே கண்ணி இருக்கிறது. 'கொ' எழுத 'க'-வுக்குப் பின் 3018 என்ற ஒகரக் குறி ஒன்று போதும். 'க'-வுக்குப் பின் 3014 என்ற ஒற்றைக் கொம்பும் 3006 என்ற காலும் போட்டாலும் அதே 'கொ'தான் திரையில் தெரியும். முதலாவது 6 பைட், இரண்டாவது 9. தட்டச்சுப் பொறியில் கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலமாக மூன்று தட்டல் அடித்துப் பழகியவர்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் சில இப்படிப் பிரித்தே சேமித்தன. வாக்காளர் பட்டியல் போன்ற பெரிய பட்டியல் ஒன்றில் 'கொளஞ்சி' என்று தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மணவாளநல்லூர் கோயில் கொளஞ்சியப்பரின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேர். இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் வேலைக்கு யூனிகோடு விதி வகுத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் சேர்த்த வடிவத்துக்கோ பிரித்த வடிவத்துக்கோ கொண்டுவந்துவிட வேண்டும். நல்ல நிரலாளர்கள் செய்கிறார்கள்.

எதுவும் முடியாதபோது ஜெர்மானியர்கள் கையாள்வது எழுத்துக்கூட்டு. புள்ளி வைத்த ஓவுக்கு ஓ-ஈ, ஏ-க்கு ஏ-ஈ, யு-வுக்கு யு-ஈ, எஸ்செட்டுக்கு இரண்டு எஸ். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியில் ஜெர்மானியரின் பெயர் இப்படித்தான் இருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த மாற்று அது. எழுத்தின் தலையில் ஏறிப் புள்ளியாகிப்போன அந்தக் குட்டி ஈ, கீழே இறங்கி வந்து பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் இது ஒருவழிப் பாதை. ஓ-ஈ என்று கண்ட இடத்தையெல்லாம் புள்ளி வைத்த ஓவாக மாற்றிவிட முடியாது. கவிஞர் கதே தன் பெயரை ஓ-ஈ என்றேதான் எழுதினார். சோஸ்ட் என்ற ஊரில் வரும் ஓ-ஈ வெறும் நெடில் ஓகாரம்.

அந்த அளவு ஒழுங்காவது அவர்களுக்கு இருக்கிறது. விருத்தாசலத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி நான்கு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் எழுத்துக்குப் பின் ஐ வருமா, ஆர் வருமா? நடுவில் யு உண்டா? டி ஒன்றா, இரண்டா? ரயில்வே ஒரு விதமாக எழுதுகிறது, பள்ளிக்கூடப் பலகை இன்னொரு விதம், கடை ரசீது மூன்றாவது விதம். டிக்கெட் எடுப்பவர்கள் பிழைத்துக்கொள்வது வி, ஆர், ஐ என்ற மூன்றெழுத்து நிலையக் குறியால்.

ஜெர்மன் அமைப்பையே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஒரு முன்னெச்சரிக்கை. உங்கள் பாஸ்வேர்டில் ஒய்யோ இசட்டோ இருந்தால், அல்லது மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி இருந்தால், உள்நுழையும் திரையில் அது மறுக்கப்படும். ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அட் குறி 2-ஐ விட்டு வலது ஆல்ட்டோடு கியூவுக்குப் போயிருக்கும். அடித்தது எது என்று பார்க்கவும் முடியாது, திரையில் வரிசையாகக் கரும்புள்ளிதான் தெரியும். மூன்று நான்கு தடவை முயன்று கணக்குப் பூட்டிக்கொள்வதற்கு முன், திரையின் கீழ் வலது மூலையில் எந்த மொழியின் அட்டவணை நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.